என் பேருக்கு அவள் சொன்ன பதில்

கர்த்தருக்குப் பிரியமான சகோதரர்களே, சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய இந்தச் சாட்சியில் ஒரு பொய் இருக்கிறது. அதை நீக்கிவிட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று பெரியவர்கள் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். நானும் நீக்கிப் பார்த்தேன். மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. அதனால் முழுசாகவே சொல்கிறேன். இதை வாசிக்கக் கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பேர் அன்னபாக்கியம். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. வண்டிப்பெரியாற்றுக்கும் குமுளிக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துப் பிழைத்தேன். என் புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். நானும் என் மகள் எஸ்தரும்தான் மீதி. நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேதக்காரக் குடும்பங்கள் பதினொன்று இருந்தன. எங்களுக்குக் கோயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லயத்துக் கடைசி வீட்டில் கூடிப் பாடுவோம். உபதேசியார் ஐயா பண்டிகைக்குப் பண்டிகை மலையேறி வருவார்.

அந்த வருஷம் கார்த்திகை மாசத்தில் பெண்கள் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான்தான் வாயை விட்டேன். "போன கிறிஸ்மசுக்கு நம்ம பிள்ளைகள்ல பாதி கிழிஞ்சதை உடுத்திக்கிட்டு நின்னுச்சு. இந்தத் தடவை ஒரு பிள்ளை பாக்கியில்லாம எல்லாத்துக்கும் புதுசு உடுத்திப் பார்க்கணும்" என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அளவு எடுத்து எழுத எங்களில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் நூலை எடுத்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்புச் சுற்றுக்கு ஒரு நூல், உயரத்துக்கு ஒரு நூல். இரண்டையும் சேர்த்து, எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டுப் பழந்துணியில் ஒரு கந்தலைக் கிழித்து முடிந்தோம். பதினேழு பிள்ளைகள், பதினேழு முடிச்சு. எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டுவரும் வண்டிக்காரர் அதையும் நாங்கள் சேர்த்த பணத்தையும் கீழே கூடலூரில் ஒரு ராவுத்தர் தையல்காரரிடம் கொடுத்தார். அடுத்த மாசம் எட்டாம் தேதி ஆள் வந்து துணியை வாங்கிக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டோம்.

அரிசி வண்டி இனிப் பண்டிகை கழிந்துதான் வரும். யார் போவது என்பதில்தான் சிக்கல் வந்தது. பண்டிகை நேரத்தில் ஆண்களைக் கங்காணி மலையிறங்க விடமாட்டான். கீழே போனவன் ஊரைப் பார்த்து நடையைக் கட்டிவிடுவான் என்று அவனுக்குப் பயம். அதனால் வாயை விட்ட நானே போய்க் கேட்டேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏட்டி அன்னபாக்கியம், நீ போயிட்டு வா. உம் மவ எங்க வீட்டுல இருக்கட்டும். சாயங்காலம் பேர் போடையில நீ வந்து நின்னா, அவளைக் கூட்டிட்டுப் போ. நிக்கலைன்னா, ஏலக்காட்டுக்குப் போற கும்பல்ல ஒரு ஆள் குறையுது. அவ பேரை அதுல ஏத்திருவேம். பொறவு என்கிட்ட வந்து அழப்பிடாது, ஆமா."

பேர் போடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மணி அடிக்கும். எல்லாரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னால் ஒரு கோடு போடுவார். சொல்லாவிட்டால் அன்றைக்கு நீ அந்த எஸ்டேட்டில் இல்லை. அவ்வளவுதான்.

ஏலக்காடு என்பது அதற்கும் மேலே, காட்டுக்குள்ளே. போன கும்பல் மாசக்கணக்காக அங்கேயே கிடக்கும். எங்கள் லயத்திலிருந்து அதற்கு முந்தின வருஷம் போன ஒரு பெண்பிள்ளை அங்கேயே காய்ச்சலில் செத்தாள். புதைத்து மழைக்காலமெல்லாம் கழிந்த பிறகுதான் பெற்றவளுக்குச் சொன்னார்கள். அந்தத் தாய் பெரட்டுக்களத்தில் புரண்டு அழுததை நான் என் கண்ணால் பார்த்தவள்.

பிறகு எப்படித்தான் ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். திமிர்தான். விடியுமுன் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம், எத்தனை தடவை இந்த மலை ஏறி இறங்கியவள் நான் என்ற திமிர். எஸ்தரைக் கங்காணி வீட்டில் விட்டபோது அவள் என் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் வந்துருவியாம்மா?" என்று கேட்டாள். "வராம எங்க போவேம்? கழுதை, கையை விடு" என்று அதட்டிவிட்டு வந்தேன். அந்த அதட்டலை நினைத்து அன்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எட்டாம் தேதி இருட்டோடு புறப்பட்டேன். குமுளியை நெருங்கும்போது வெளுக்கத் தொடங்கியது. ஒரே மூடுபனி. குமுளியில் திருவிதாங்கூர் சௌக்கை இருக்கிறது. போகிற வருகிற மூட்டையைச் சோதிக்கிற இடம். என்னிடம் கங்காணி கொடுத்த சீட்டு எதுவும் இல்லை. சேவகர் பிடித்துவைத்து எங்கே போகிறாய், யார் விட்டது என்று கேட்டால் பொழுது போய்விடுமே என்று பயம். வாசலில் ஒரு சேவகர் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்ப்பது போல வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை முகத்தில் இழுத்து, எதிர்ப்புறத்துப் பள்ளத்தில் இறங்கி, குனிந்தபடியே அவரைத் தாண்டிப் போய்விட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் லட்சணத்தைப் பிறகு கேளுங்கள்.

மலைப்பாதையில் பாதி இறங்கியபோது பாசிக்கல்லில் வழுக்கிக் கணுக்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டே கூடலூர் போய்ச் சேர்ந்தேன். தையல்கடை பூட்டியிருந்தது. பலகையைத் தட்டோ தட்டென்று தட்டினேன். பின்பக்கத்து வீட்டிலிருந்து தையல்காரர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். மெலிந்த அம்மாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாராத்தா?" என்றார்.

"பெரியாத்துப் பக்கத்து எஸ்டேட்டுல இருந்து வாரேம்மா. பிள்ளைக துணி வாங்க."

"அடி ஆத்தே! நேத்துல்ல வாரோம்னு சொல்லிவிட்டிருந்தீக? அவரு மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"இன்னைக்குத்தானம்மா எட்டு."

"இன்னைக்கு ஒம்பதாத்தா. மார்கழி ஒம்பது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைமேல் எங்களுக்குக் கடைக்காரர்களிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கேட்டுப் பழகியது மலையாளத் தேதி. அது தனு மாசம். கீழே அதே மாசம் மார்கழி. சில வருஷம் இரண்டும் ஒன்றாகப் பிறக்கும். சில வருஷம் தனு ஒரு நாள் பிந்திப் பிறக்கும். அந்த வருஷம் பிந்திவிட்டது. எங்களுக்கு எட்டு, அவர்களுக்கு ஒன்பது. மலைமேல் இருந்துகொண்டு மலைக்குக் கீழே தேதி சொன்ன எங்களில் ஒருத்திக்காவது இது தோன்றவில்லை.

"சரிம்மா, கடையைத் திறந்து துணியைக் கொடுங்க, நான் ஓடணும்" என்றேன்.

"துணி இங்கன எங்கத்தா இருக்கு? பண்டிகை அன்னைக்குப் பிள்ளைக துணியில்லாம நிக்குமேன்னு அவருக்கு மனசு கேக்கல. மத்தியானத்துக்கு மேல கெளம்புன கருவாட்டு வண்டியில மூட்டையக் கட்டி ஏத்திவிட்டுட்டாரு. குமுளி சௌக்கையில இறக்கிவைக்கச் சொல்லி. அவரு இன்னைக்குக் கல்யாணத் துணிக்கு அளவெடுக்கப் பக்கத்து ஊருக்குப் போயிட்டாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? முன்பின் தெரியாத மனுஷன், வேறு மார்க்கத்துக்காரர், நம்முடைய பண்டிகைக்கு நம்முடைய பிள்ளைகளை நினைத்து ஒரு காரியம் செய்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் கத்தினேன். "யாரைக் கேட்டு அனுப்புனீங்க? என் பிள்ளையை அங்க அடகு வைச்ச மாதிரி வைச்சிட்டு வந்திருக்கேம்! வெட்டியா மலையிறங்க வைச்சிட்டீங்களே!" என்று தெருவே பார்க்கும்படி கத்தினேன்.

அந்த அம்மாள் என் காலைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு சட்டி கம்பங்கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கணுக்காலில் ஒத்தடம் கொடுத்து, தையல்கடைக் கந்தலால் இறுக்கிக் கட்டினார். ஊன்றிக்கொள்ள ஒரு கம்பும் கொடுத்தார். "திட்டுனது போதும், நடயக் கட்டு. உம் மக பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இந்தச் சாட்சியில் சொல்லிக்கொள்கிறேன்.

ஏறும்போது கால் இன்னும் வீங்கியது. மூன்றாவது வளைவில் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன். இந்தக் காலோடு பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர முடியாது என்று எனக்கே தெரிந்துபோயிற்று. அங்கேதான் ஜெபம் பண்ணினேன். நீங்கள் கோயிலில் பண்ணுகிற மாதிரி ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை.

"கர்த்தாவே, நான் யார் பண்டிகைக்குத் துணி வாங்க வந்தேம்? உம்ம பண்டிகைக்குத்தானே? எனக்கா வாங்க வந்தேம்? என் புருஷனை எடுத்துக்கிட்டீரு, நான் ஒண்ணும் கேக்கல. இப்ப என் பிள்ளையையும் ஏலக்காட்டுல கொண்டு புதைக்கப் பாக்கிறீரா? சாயங்காலம் என் பேரைக் கூப்பிடையில அந்தப் பேரு அநாதையா நிக்கப்பிடாது. அதுக்கு ஒரு பதில் இருக்கணும். எப்படிங்கிறது உம்ம பாடு. நீர் செய்யலைன்னா, நாளைக் கழிச்சு உம்ம பிறந்தநாள் பாட்டு எதுக்கும் என் வாய் திறக்காது. சொல்லிட்டேம்."

இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசினேன். பேசிவிட்டு எழுந்து நடந்தேன்.

குமுளி சௌக்கைக்குப் போனபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் நான் ஒளிந்து தாண்டிய அதே சேவகர்தான் இருந்தார். மலையாளத்துக்காரர், நரைத்த மீசை. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எஸ்டேட்டிலே வேதக்காரப் பெண்ணு நீயாணோ? காலையிலே தொட்டு இதுவழி வந்த பெண்ணுங்ககிட்டே எல்லாம் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டு போயாச்சு!"

அவர் உட்காரும் பெஞ்சின் அடியில் எங்கள் மூட்டை இருந்தது. கூரை ஒழுகுகிற இடம் என்பதால் தன் கம்பளியை அதன்மேல் சுற்றிவைத்திருந்தார். ராத்திரி குளிரில் கம்பளி இல்லாமல் இருந்திருக்கிறார். சோதனைக்காக மூட்டையைப் பிரித்தவர், சின்னச் சின்னச் சட்டையும் கவுனுமாக இருந்ததைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டிவிட்டாராம்.

"காலையிலே நீ இதுவழி போகல்லையோ?" என்று கேட்டார்.

"போனேம். உங்களைப் பாத்துப் பயந்து பள்ளத்துல ஒளிஞ்சு போனேம்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் நிமிர்ந்து நடந்திருந்தால் அந்த மனுஷன் என்னை நிறுத்தி மூட்டையைக் கையில் கொடுத்திருப்பார். பொழுது ஏறுவதற்குள் என் பிள்ளையிடம் போயிருப்பேன். உதவி வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டு அதற்கு எதிர்ப்புறமாகப் போயிருக்கிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

என் காலைப் பார்த்துவிட்டுச் சேவகர் வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு சுமைகாரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டுப் பெரியாற்றுக்குத் திரும்புகிறவர். சேவகர் ஏதோ சொன்னார். அந்த மனுஷன் எங்கள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். வழிநெடுக நான் பின்தங்கினால் நிற்பார். நான் வந்து சேர்ந்ததும் நடப்பார். எஸ்டேட் பிரிகிற முக்கில் மூட்டையை என் தலைக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பேர்கூட நான் கேட்கவில்லை.

முக்கிலிருந்து பெரட்டுக்களத்துக்கு இன்னும் அரை மைல் ஏற்றம். தூறல் தொடங்கிவிட்டது. பாதி ஏறியிருப்பேன், மணி அடித்தது.

அந்த மணிச்சத்தத்தைக் கேட்டதும் "போச்சு, என் பிள்ளை போச்சு" என்று வாய்விட்டு அலறினேன். கம்பை எறிந்துவிட்டு ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்துக்கொண்டு போனேன். "பாக்குறீரா கர்த்தாவே, பாத்துக்கிட்டுத்தானே இருக்கிறீரு?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

மேலே களத்தில் நடந்தது எனக்குப் பிறகு எஸ்தர் சொல்லித் தெரியும். அதை அப்படியே சொல்கிறேன்.

தூறலுக்கு எல்லாப் பெண்களும் கொங்காணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். முகமே தெரியாது. எஸ்தரைக் கங்காணி கொண்டுவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தான். அவள் பாதையைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கடைசி வரிசையில் நின்றவர்கள் புதிய ஆட்கள். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து அதற்கு முந்தின வாரம்தான் கும்பலாக வந்தவர்கள். அவர்களுடைய கோயமுத்தூர்ப் பேச்சைக் கேட்டு எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர்கள் அஞ்ஞானிகள், நாங்கள் வேதக்காரர்கள் என்று தண்ணீர்க் குழாயடியில்கூடத் தள்ளி நின்றோம். சமைக்க நெருப்பு கேட்டு வந்தபோதும் யோசித்துத்தான் கொடுத்தோம்.

எஸ்தருக்குப் பக்கத்தில் நின்றவள் பேர் மாராத்தாள். அவள் குனிந்து, "ஏங் கண்ணு அழுகறே?" என்று கேட்டிருக்கிறாள். இவள் விக்கி விக்கி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "உங்கம்மா பேரென்ன?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள். அதோடு சரி.

கணக்கப்பிள்ளை குடைக்கு அடியில் நின்று பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"அன்னபாக்கியம்."

சத்தமில்லை. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு எஸ்தரைப் பார்த்தானாம்.

"அன்னபாக்கியம்!"

"இருக்கேனுங்க!"

பின்வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். கங்காணி திரும்பினான். "எவ அவ? கையைத் தூக்கு!" என்றான். ஒரு சாக்குக்கு அடியிலிருந்து கை ஒன்று உயர்ந்தது. கணக்கப்பிள்ளைக்கு என் குரல் தெரியாதா? எத்தனை வருஷம் நிறுவையில் அவரோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த மலையிலேயே என் தொண்டைதான் பெரிய தொண்டை. அவர் ஒரு நிமிஷம் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு புஸ்தகத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

புதிய ஆட்களின் பேர் கடைசியில் வந்தது. "மாராத்தா" என்றார். "இருக்கேனுங்க" என்றது அதே குரல். வேறு குரல் போடவாவது தெரிந்ததா அந்த மகராசிக்கு! கங்காணி பாய்ந்து போய் அவள் தலைச்சாக்கைப் பிடுங்கினான். அந்த நேரத்தில்தான் மூட்டையும் தலையுமாக நான் களத்துக்குள் வந்து விழுந்தேன்.

"இப்பத்தான் வாரியாடி?" என்று கத்தினான் கங்காணி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து எங்கள் பெண்கள், "அவ அப்பவே வந்துட்டா, மூட்டையை எடுக்கக் கீழ போயிட்டு வாரா" என்றார்கள். வேதக்காரப் பெண்கள்தான், எல்லாரும் ஒரே குரலில். ஆகவே பொய் சொன்னவள் மாராத்தாள் ஒருத்தி மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கங்காணி கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினான். "புஸ்தகத்துல அடியும்வே அந்தப் பேரை!"

கணக்கப்பிள்ளை புஸ்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "போட்டது போட்டதுதான். செக்ரோல்ல அடிச்சா ஏன் அடிச்சேன்னு துரை கேப்பார். நீர் வந்து பதில் சொல்லுவீரா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "மழையில காகிதம் நனையுது. எவ குரல் எவ குரல்னு பாக்குறதுக்கா எனக்குச் சம்பளம்?" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

எஸ்தர் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் நனைந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மாராத்தாளைக் கங்காணி சும்மா விடவில்லை. அன்றைக்கு அவள் செய்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டான். மறுநாள் சாணிக்குழி அள்ளப் போட்டான். துணி வந்த அன்றைக்கே ராத்திரிச் சோற்றுக்கு முன்னே நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் துள்ளிப் பின்னால் போனாள்.

"ஐயோ, ஏனுங்க இது? பேரக் கூப்பிட்டாங்க. ஆரும் பேசல. புள்ள அழுதுட்டு நிக்குது. எம் வாயி சும்மாதானுங்களே இருந்துச்சு, சொன்னேன். இதுக்குப் போயி இப்படி அழுகறீங்களே!"

"கங்காணிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கலியா?" என்று கேட்டேன்.

"நெனச்சிருந்தா பயமா இருந்திருக்குமுங்க. அதுக்கெங்க நேரமிருந்துச்சு?" என்றாள்.

அன்று மூட்டையைப் பிரித்தோம். துணியெல்லாம் கருவாட்டு நாற்றம். ஆனால் ஒவ்வொரு சட்டையிலும் நாங்கள் அனுப்பிய நூலையும் கந்தலையும் ராவுத்தர் அப்படியே முடிந்துவைத்திருந்தார், எது எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று நாங்கள் திண்டாடக் கூடாதென்று. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு எங்கள் பிள்ளைகள் மணக்க மணக்க நின்றார்கள். உபதேசியார் ஐயா ஜெபத்தின் நடுவே இரண்டு தடவை மூக்கைத் துடைத்தார்.

ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். உபதேசியார் ஐயா நல்ல மனுஷர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இனிமேல் சொல்லும்போது அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடு. பொய்யின் வழியாய்க் கர்த்தர் பதில் தந்தார் என்று சொல்லலாமா? அதுவும் ஓர் அஞ்ஞானியின் வாயால்?" என்றார்.

"ஐயா, நான் அவர்கிட்ட என்ன கேட்டேம்? என் பேரு அநாதையா நிக்கப்பிடாதுன்னு கேட்டேம். நிக்கல. அந்தப் பெண்ணு உங்க பத்துக் கட்டளையைப் படிச்சவ இல்ல. படிச்ச மத்த பத்து வீட்டுக்காரியும் முன்னால வாயை மூடிக்கிட்டுல்ல நின்னாளுக? அது பொய்யா இல்லையான்னு கர்த்தர்கிட்ட நானே கேட்டுக்கிடுதேம். நீங்க நடுவுல வராதீங்க" என்றேன்.

பிறகு அசனத்துக்கு இலை போட்டார்கள். பண்டிகைக்குச் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. மாராத்தாளை நான் கையைப் பிடித்து இழுத்துவந்திருந்தேன். ஒரு பெரியவர், இது சபையாருக்கான பந்தி என்று மெதுவாக ஆரம்பித்தார். எஸ்தரைப் பந்தியிலிருந்து எழுப்பினேன். "அவளுக்கு இலை இல்லாத பந்தியில எம் மவளுக்கும் இலை வேண்டாம்" என்றேன். ஒருத்தர் பின் ஒருத்தராக இன்னும் நாலைந்து தாய்மார் கருவாட்டு நாற்றமடிக்கும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். உபதேசியார் ஐயாவே போய் ஓர் இலையை எடுத்துவந்து எஸ்தருக்குப் பக்கத்தில் போட்டார். மாராத்தாள் உட்கார்ந்து, "உங்க சாமியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சோறு போட்டாத் திங்கறேன்" என்றாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மாராத்தாள் ஞானஸ்நானம் எடுத்தாளா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எடுக்கவில்லை. இரண்டு வருஷம் எங்கள் லயத்தில் இருந்துவிட்டு எலப்புள்ளிக்கே திரும்பிப் போனாள். இப்போது எங்கே இருக்கிறாளோ, நான் அறியேன். நான் ஜெபிக்கும்போது அவள் பேரைச் சொல்லாமல் எழுந்ததில்லை. அன்றுமுதல் எங்கள் லயத்தில் யார் புதிதாக வந்து இறங்கினாலும் முதல் நெருப்பும் முதல் குடம் தண்ணீரும் என் வீட்டிலிருந்துதான் போகும். அதற்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

எஸ்தர் உபதேசியார் ஐயா வரும்போதெல்லாம் அவரிடம் எழுத்துப் படித்தாள். இன்று எஸ்டேட் பிள்ளைகளுக்கு அவள்தான் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு இன்னும் எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான். ஏலக்காட்டு லிஸ்டில் ஏற இருந்த பேர், இன்று இந்தக் காகிதத்தில் என் பேருக்குக் கீழே சாட்சிக் கையெழுத்தாக நிற்கிறது.

சகோதரிகளே, நெருக்கத்தில் இருக்கிறவர்கள் அவரிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், அழுகை வராவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். என்னை அவர் தள்ளவில்லை, உங்களையும் தள்ளமாட்டார். பதில் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தும் இருக்காதீர்கள். இன்று சாயங்காலமும் எங்காவது ஒரு களத்தில் யாரோ ஒருத்தியின் பேரைக் கூப்பிடுவார்கள். அவள் வழியில் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருப்பாள். நீங்கள் அங்கே நின்றால், வாயைத் திறங்கள்.